காற்று நின்ற ஞாயிறு

"என் கோட்டு எங்கே? எத்தனை தரம் கேக்குறேன், இந்த வீட்டுல யாருக்கும் காது கேக்காதா?"

ஈஸ்டர் காலையில் வேதமாணிக்கம் மாஸ்டரின் குரல் பதுளைக் கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும். சலோமி அடுப்பில் கொதித்த கோப்பியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். கோட்டு அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அடுப்படியிலிருந்தே இருமுறை சொல்லியிருந்தாள்.

"உங்களுக்குப் பின்னாலதாங்க இருக்கு..."

"என்ன முணுமுணுக்கிற? வாயைத் தொறந்து பேசு!"

அவள் கோட்டை எடுத்து அவர் தோளில் போட்டுப் பித்தான்களை மாட்டிவிட்டாள். மாட்டும்போது அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நல்ல நாளும் அதுவுமா என் தம்பியை ஏன் கத்த வைக்கிற சலோமி?" என்று உள்ளிருந்து வந்தாள் பாக்கியமணி. மாஸ்டரின் விதவைத் தமக்கை. அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. "கொழும்புலேர்ந்து பெரிய பாதிரி ஐயர் வந்திருக்கார். தோட்டத்துச் சபைங்க எல்லாம் வருது. பந்தாரவளையிலேர்ந்து சம்பந்தி வீட்டாரும் வாராங்க. ஆராதனை முடிஞ்சதும் நம்ம லிதியாளுக்குப் பேச்சு முடிச்சு ஐயர் வாயால சொல்லப் போறாங்க. இன்னிக்காச்சும் லயத்துப் புத்தியைக் காட்டாம இரு!"

"சரி மதினி..." என்றாள் சலோமி.

லயத்துப் புத்தி! தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவள் என்று குத்துகிற சொல்; கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டுப் பழகியதுதான். ஆனாலும் மகளின் எதிரில் கேட்கும்போது நெஞ்சு குன்றிப் போகும். கண்ணாடி முன்னால் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த லிதியாள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் காது மடல் மட்டும் சிவந்தது. அது தனக்காகப் பட்ட வேதனையா, தன்னால் பட்ட வெட்கமா என்று சலோமிக்குத் தெரியவில்லை.

வேதமாணிக்கம் சிறு வயதில் உபதேசியாரான தகப்பனாரோடு திருநெல்வேலியிலிருந்து கொழும்புக்கு வந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவருக்கு ஆர்கன் வாசிக்கக் கற்றுக்கொடுத்தாள். பதுளைத் தமிழ்ச் சபையின் பள்ளிக்கு வாத்தியாராக அவர் வந்து சேர்ந்த காலத்தில், கோயிலில் பாட்டு என்பது ஆளுக்கொரு சுருதியில் கத்துவதாக இருந்தது. கொழும்பில் ஒரு தேவாலயம் புது ஆர்கன் வாங்கியபோது, பழையதைக் கெஞ்சிக் கேட்டு வாங்கினார். பந்தாரவளை வரைக்கும் ரயிலில் வந்தது அது; அங்கிருந்து மாட்டு வண்டியில், குழல்களை வைக்கோலில் பொதிந்து, மழையில் நனையாமல் அவரே கூட நடந்து கொண்டுவந்தார்.

பிறகு பாடகர் குழுவைச் சேர்த்தார். அரசாங்கக் கச்சேரிக் கிளார்க்கு, தபால்காரர், துரை பங்களாச் சமையல்காரர், பள்ளிக்கூடப் பெண்கள்... எழுத்துத் தெரியாதவர்களுக்கும் கரும்பலகையில் கோடு கிழித்து நான்கு குரலில் பாடச் சொல்லிக்கொடுத்தார். சில வருஷங்களில் கிறிஸ்துமஸ் பாட்டைக் கேட்க வெள்ளைக்காரத் துரைமார்களே குதிரையைக் கட்டிவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். 'மாஸ்டர்' என்றால் ஊவா மாகாணம் முழுவதும் அவர் ஒருவர்தான்.

பூனாகலைத் தோட்டத்துக்குப் பாட்டு நடத்தப் போன இடத்தில்தான் அவர் சலோமியைக் கண்டார். அப்போது அவள் பெயர் பேச்சி. கொழுந்து பறிக்கும் பெண்களின் பின்வரிசையில் நின்று பாடிய அந்தக் குரல் மட்டும் அவருக்குத் தனியாகக் கேட்டது. தமக்கை தலையில் அடித்துக்கொண்டு அழுதும் கேளாமல், ஞானஸ்நானம் கொடுக்க வைத்து அவளையே கட்டினார். கொஞ்ச காலம் அவள்தான் பாடகர் குழுவின் முதல் குரல்.

அப்புறம் ஆர்கனுக்குத் துருத்தி போடுகிறவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். ஆர்கனுக்குப் பின்னால் ஒரு பலகை மறைப்பு. அதற்குள் நின்று மரப்பிடியை ஏற்றி இறக்கிக் காற்றடித்தால்தான் குழல்கள் பேசும். காற்று குறைந்தால் சுருதி சோர்ந்துவிடும். புதிதாக வைத்த ஆள் யாரும் மாஸ்டருக்குச் சரிப்படவில்லை.

"பாடறதுக்கு ஆள் இருக்கு சலோமி. எனக்குக் காத்து குடுக்க உன்னை விட்டா ஆள் இல்ல" என்றார் ஒரு நாள்.

அவ்வளவுதான். அவள் பாட்டை நிறுத்திவிட்டு மறைப்புக்குள் போனாள். சபைக்குத் தெரிந்ததெல்லாம் பலகைக்கு அடியில் தெரிகிற இரண்டு பாதங்கள்தான். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அந்த மறைப்புக்குள் இருந்தபடிதான் அவள் அதை முதலில் கண்டுபிடித்தாள். சபை ஐயர் பாட்டின் எண்ணைச் சொல்லி முடித்தும் மாஸ்டர் சும்மா இருப்பார். முன்வரிசைக்காரர்கள் புத்தகத்தைத் திறப்பதை ஆர்கன் மேல் மாட்டிய கண்ணாடியில் பார்த்த பிறகுதான் கை அசையும். வீட்டில் பால் பொங்கினாலும், கதவைத் தட்டினாலும் தெரியாது. மெல்லப் பேசுகிறவர்களிடம் எதற்கும் உதட்டை இறுக்கித் தலையை ஆட்டிவிடுவார். பாக்கியமணியின் குரல் பெரியது என்பதால் அது மட்டும் எட்டும். பாடகர் குழுவில் எல்லாரையும் "வாயைத் தொற! வாயைத் தொற!" என்று விரட்டுவார். கண்டிப்பு கூடிவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

"ஆசுபத்திரியில ஒரு தரம் காதைக் காட்டிட்டு வருவோமாங்க?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். அன்றைக்கு அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். பல நாள் அவளோடு பேசவில்லை. சபை மூப்பர்கள் ஏற்கனவே கொழும்பிலிருந்து ஓர் இளம் ஆளைக் கொண்டுவரலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் சபை கொடுத்த வீடும் போகும். அதன் பின் சலோமி வாய் திறக்கவில்லை.

ஈஸ்டர் ஆராதனைக்குக் கோயில் கொள்ளாத கூட்டம். ஹாலி எலைப் பக்கத்திலிருந்தும் பூனாகலையிலிருந்தும் ஜனங்கள் பனியில் நடந்து வந்து ஈரக் கம்பளியோடு உட்கார்ந்திருந்தார்கள். பாடகர் குழு பாடிய உயிர்ப்பின் கீதத்தைக் கேட்டுப் பெரிய ஐயரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சலோமி மறைப்புக்குள் வியர்த்து வழிந்தாள். இன்னும் ஒரே ஒரு பாட்டு. ஐந்து சரணம். அது முடிந்தால் ஆசீர்வாதம், அப்புறம் மகளின் நிச்சயம்...

அப்போது பெரிய ஐயர் மெதுவான குரலில் சொன்னார். "தோட்டத்து ஜனங்கள் தூரம் போகணும். பாட்டிலே முதல் சரணமும் கடைசிச் சரணமும் மட்டும் பாடி முடிச்சிடுவோம்."

சலோமி பலகை இடுக்கு வழியாகக் கணவரின் முதுகைப் பார்த்தாள். அந்த முதுகில் அசைவே இல்லை. அவர் காதில் விழவில்லை!

பாட்டு எழுந்தது. முதல் சரணம் போயிற்று. ஜனங்கள் கடைசிச் சரணத்தின் வார்த்தைகளைப் பாட, அவர் இரண்டாம் சரணத்தை வாசித்துக்கொண்டிருந்தார். ராகம் ஒன்றுதான், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இது முடிந்ததும்? எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். பெரிய ஐயர் ஆசீர்வாதத்துக்குக் கையைத் தூக்குவார். இவர் மட்டும் கட்டைகளிலேயே கண்ணை வைத்து மூன்றாம் சரணத்தை முழங்கிக்கொண்டிருப்பார்... பிள்ளைகள் சிரிப்பார்கள். மூப்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஊவா முழுவதும் கொண்டாடிய மாஸ்டர், அந்த ஒரு நிமிஷத்தில்...

'ஆண்டவரே!' என்றாள் மனதுக்குள். கடைசி வரி வந்தது. சலோமி பிடியை விட்டுவிட்டாள்.

ஆர்கன் கழுத்தறுபட்ட ஆடு மாதிரி இழுத்துக் கதறி ஓய்ந்தது. கோயில் முழுவதும் திகைத்தது. ஜனங்கள் தட்டுத் தடுமாறிப் பாட்டை முடித்து உட்கார்ந்தார்கள். மாஸ்டரின் விரல்களுக்குக் கீழே கட்டைகள் கனமற்றுப் போயின. காதால் அறியாததை விரலால் அறிந்து திரும்பினார். முகம் ரத்தமாய்ச் சிவந்திருந்தது.

"காத்து! காத்தைப் போடு!"

அந்தச் சத்தம் கூரையில் மோதியது. சலோமி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு மறைப்புக்குள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆராதனை முடிந்தும் வாசலில் கூட்டம் கலையாமல் நின்றது. மாஸ்டர் எல்லாருக்கும் எதிரில் அவளை நோக்கிக் கை நீட்டினார்.

"இத்தனை வருஷ உழைப்பு! பெரிய ஐயர் முன்னால என் தலையைக் கவுத்துப்புட்டியே! லயத்துலேர்ந்து வந்தவள நம்பி ஆர்கன் பெட்டியை விட்டது என் புத்திடி... என் புத்தி!"

"கை... கை ஓஞ்சு போச்சுங்க..." என்றாள் சலோமி. முதல் பொய்.

சம்பந்தியாக வேண்டிய அருளாயி அம்மாள், பந்தாரவளை உபதேசியாரின் மனைவி, மாஸ்டரின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "கேக்கக் கூடாதுதான் மாஸ்டர்... தரையில விழுந்து கெடந்தாங்களே... உங்க வீட்டம்மா ஏதும் குடிச்சிருந்தாங்களோ?"

மாஸ்டர் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். ஆமென்று ஆட்டினார்!

சலோமி சுற்றி நின்றவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக மாறுவதைப் பார்த்தாள். அவருக்குக் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையில் அவள் மானம் பிழைத்துவிடும்... அவருடையது செத்துவிடும். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அன்று நிச்சயம் நடக்கவில்லை. சம்பந்தி வீட்டார் சொல்லிக்கொள்ளாமலே வண்டி ஏறிவிட்டார்கள்.

வீட்டில் லிதியாள் பூவைப் பிய்த்து எறிந்துவிட்டு அழுதாள். "ஏம்மா? இந்த ஒரு நாள்... இந்த ஒரே ஒரு நாள் உங்களால பொறுத்துக்க முடியலியா?"

"நான் குடிக்கலடி. என் புள்ள மேல ஆணையா..."

"என் மேல ஆணை வைக்காதீங்க! அப்ப அப்பா ஏன் ஆமான்னாரு? அப்பா பொய் சொல்வாரா?"

சலோமி மகளின் முகத்தையே பார்த்தாள். பதினேழு வயதுப் பெண். ஆத்திரத்தில் எதையும் கொட்டிவிடுவாள். சொன்னால் நாளைக்கே ஊருக்குத் தெரியும்.

"அப்பா பொய் சொல்ல மாட்டாரு" என்றாள் கடைசியில்.

"பாத்தியா... அவ வாயாலேயே வந்துருச்சு!" என்று பாக்கியமணி மார்பில் அடித்துக்கொண்டாள். "ஐயோ தம்பி! அன்னிக்கே சொன்னேனே..."

மாஸ்டர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். துருத்தியை விட்டதற்காகத்தான் வீட்டில் இத்தனை அழுகை என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

மூப்பர்கள் கூடி அவளை விசாரித்தார்கள். குடிக்கவில்லை என்றாள். அப்படியானால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டதற்குக் கை ஓய்ந்தது என்றே மறுபடியும் சொன்னாள். மனந்திரும்பி அறிக்கையிடும் வரைக்கும் அவளுக்குத் திருவிருந்தின் அப்பமும் இரசமும் கிடையாது என்று தீர்மானித்தார்கள். அதை ஐயர் மாஸ்டரிடம் தணிந்த குரலில் தெரிவித்தபோது அதற்கும் அவர் தலையை ஆட்டினார். கடைத்தெருவில் பெண்கள் அவள் மூச்சுக்காற்றை மோந்து பார்க்கிற மாதிரி கிட்டே வந்து பேசினார்கள். சந்தையில் ஒருத்தி தன் பிள்ளையை இழுத்துச் சேலைக்குள் மறைத்தாள்.

சலோமிக்கு அதெல்லாம் தாங்கிற்று. மகள் அவளோடு ஒரே தட்டில் சாப்பிட மறுத்ததுதான் தாங்கவில்லை. ஒரு விடிகாலையில் இரண்டு சேலைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு கணவரின் முன் போய் நின்றாள்.

"அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வரேங்க..."

அவர் அவள் மூட்டையைப் பார்த்தார்; முகத்தைப் பார்த்தார். திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பூனாகலையில் அண்ணன் அழகர் சின்னக் கங்காணியாக இருந்தான். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து போன தங்கை மேல் அவனுக்குப் பழைய கோபம் உண்டு. ஆனால் வாசலில் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும், "உள்ள வா பேச்சி" என்றான். அவ்வளவு காலம் கழித்து அந்தப் பெயரைக் கேட்டதும்தான் அவள் ஓவென்று அழுதாள்.

சும்மா இருந்து சாப்பிட மனம் வரவில்லை. மறுநாளே கூடையை எடுத்துக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போனாள். மலைச்சரிவில் மற்றப் பெண்கள் பாடிக்கொண்டே பறிப்பார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை.

பெந்தெகொஸ்தே பண்டிகைக்குப் பாட்டுப் பழக்கம் நடந்த அன்று பதுளையில் நடந்ததை லிதியாள்தான் பிறகு அவளுக்குச் சொன்னாள்.

துருத்திக்குப் புதிதாக வைத்த ஆள் தாறுமாறாகக் காற்றடித்தான். மாஸ்டர் எழுந்து கத்தினார். "நீயும் அவ மாதிரி கவுக்கப் போறியா? அஞ்சு சரணப் பாட்டை ரெண்டுலேயே கொன்னவ அவ!"

தடித்த குரல் பாடும் கச்சேரிக் கிளார்க்கு பொன்னையா தயங்கித் தயங்கிச் சொன்னார். "ரெண்டோட முடியத்தானே மாஸ்டர் வேணும்?"

"என்ன? என்ன சொன்னீர்?"

"முதலும் கடைசியும் மட்டும் போதும்னு பெரிய ஐயர் சொன்னாரே!" என்றார் பொன்னையா உரக்க.

மாஸ்டர் அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "நீ கேட்டியா?"

"கோயில்ல எல்லாருமே கேட்டோம்பா."

அவர் பெஞ்சைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "அப்ப... அவளும் கேட்டிருக்கா. தெரிஞ்சுதான் விட்டிருக்கா. நான் மூணாவதுக்குப் போயிடுவேன்னு..."

"அம்மா குடிச்சிருந்ததாலதானேப்பா..." என்று தொடங்கினாள் லிதியாள்.

அந்த வார்த்தையை அவள் உதட்டில் படித்துவிட்டார். "குடிச்சிருந்தாளா? யார் சொன்னது?"

"நீங்கதாம்பா! வாசல்ல அருளாயி அம்மா கேட்டப்ப நீங்கதானே தலையை ஆட்டினீங்க! ஐயர் திருவிருந்தை நிறுத்துறோம்னு சொன்னப்பவும் ஆட்டினீங்களே!"

மாஸ்டர் தன் இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டார்.

"எனக்குக் காது கேக்காது லிதியா" என்றார் பாடகர் குழு முழுவதற்கும் எதிரில். "ரொம்ப நாளா கேக்கல. யாரு என்ன கேட்டாலும் தலையை ஆட்டிருவேன்... ஐயோ, நான் எதுக்கெல்லாம் தலையை ஆட்டியிருக்கேன்!"

அடுத்த திங்கள் மாலை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றிருந்தார்கள். பந்தாரவளைப் பாதையிலிருந்து இரண்டு பேர் இறங்கி வருவதை யாரோ காட்டினார்கள். சலோமி பார்த்தாள். மாஸ்டர்தான்! முழங்கால் வரை சேறு, கையில் தொப்பி, பக்கத்தில் லிதியாள். அவளுக்கு முதலில் வந்தது வெட்கம்தான். இடுப்பில் சாக்கு, கையெல்லாம் கறை... ஒரு கணம் மற்றப் பெண்களின் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தாள்.

"அம்மா!"

லிதியாள் ஓடி வந்து காலில் விழுந்தாள். சேற்றில், எல்லாரும் பார்க்க. "அம்மா, நான் நம்பிட்டேனேம்மா! உங்களப் பெத்த தாயின்னு பாக்காம... என்னை அடிங்கம்மா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எந்திரிடி... எந்திரி, சேலையெல்லாம் சேறு..." சலோமி குனிந்து மகளைத் தூக்கினாள்.

"நேத்துக் கோயில்ல அப்பா எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு நின்னு சொல்லிட்டாரும்மா. நான் செவிடன், என் மானத்தைக் காப்பாத்த அவ தன் மானத்தை வித்தா, குடிச்சான்னு நான்தான் சாட்சி சொல்லியிருக்கேன்னு... ஆர்கன் சாவியையும் ஐயர் கையில குடுத்துட்டாரு."

அழகர் குறுக்கே வந்து நின்றான். "இப்ப எதுக்கு வந்தீரு மாஸ்டரு? எங்க வீட்டுப் புள்ளைய ஊரே காறித் துப்ப வச்சுப்புட்டு?"

மாஸ்டருக்கு அது கேட்டிராது. ஆனால் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "மச்சான், நீங்க என்ன சொன்னாலும் தகும்" என்றார். பிறகு சலோமியிடம் வந்தார்.

"என்னை மன்னிச்சுருன்னு கேக்க எனக்கு வாய் கூசுது சலோமி. காது கேக்கலங்கிறது பெரிய பாவம் இல்ல. கேக்கலன்னு ஒத்துக்காம இருந்தேனே... அதுதான். நீ ஆசுபத்திரின்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். கோயில் வாசல்ல லயத்துக்காரின்னு சொன்னேனே... அதை நான் செவிட்டுல சொல்லல. அறிஞ்சுதான் சொன்னேன்."

சலோமியின் கண்ணீர் கறை படிந்த கையில் விழுந்தது. என்னவோ சொன்னாள்.

"கேக்கல சலோமி. இன்னொரு தரம் சொல்லு."

அவள் சுற்றிலும் பார்த்தாள். இத்தனை பேர்... பிறகு அவர் காதருகே வாயை வைத்து, தோட்டமே கேட்கச் சத்தமாகச் சொன்னாள். "உங்களுக்காக மட்டும் நான் செய்யலங்க! செவிட்டு மாஸ்டர் பொண்டாட்டின்னு ஊரு சொல்லுமேன்னு எனக்கும் வெக்கமா இருந்துச்சு! அதை மறைக்கத்தான் ஓடி ஓடி மூடினேன்... நான் ஒண்ணும் தேவதை இல்லீங்க!"

அவர் அப்படியே அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். தோட்டத்துப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அழகர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "நிறுவைக்கு நேரமாச்சு, கூடையைக் கொண்டாங்க!" என்று யாரையோ அதட்டினான். அவன் மனைவி இராக்கம்மா மட்டும் வீட்டுப் பக்கம் நடந்தாள். விருந்தாளிகளுக்குச் சோறு வைக்க வேண்டுமே.

சலோமி உடனே திரும்பவில்லை. "அந்த வாசலை மிதிக்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்" என்றாள். அவர் கட்டாயப்படுத்தவில்லை. பாக்கியமணியே வந்து கூப்பிட்ட பிறகுதான் போனாள். அந்தப் பெரிய குரல்காரி அன்றைக்கு அழகரின் லயத்து வாசலில் நின்றுகொண்டு, "நான் பேசினதெல்லாம் நெனச்சா எனக்குச் சோறு எறங்கல சலோமி..." என்று குழந்தை மாதிரி விம்மினாள். சலோமி அவளை உள்ளே அழைத்துப் பாயில் உட்கார வைத்தாள்.

வேலை போயிற்று. சபை வீட்டை மட்டும் மூப்பர்கள் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்கு முகமில்லை. மாஸ்டர் சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். ஆர்கனில் லிதியாள் உட்கார்ந்தாள். அருளாயி அம்மாள் மறுபடியும் சம்பந்தம் பேசி வந்தபோது பாக்கியமணி கொதித்தாள். லிதியாள்தான் தடுத்தாள். "அவுங்கள மட்டும் என்ன சொல்ல அத்தை? பெத்த மக நானும்தானே நம்பினேன்..." மறு வருஷம் கல்யாணம் நடந்தது.

அதற்கெல்லாம் முன்னால், சலோமி திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து இருந்தது. அவள் பெண்கள் பக்கத்தில் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே தெரியும்படி இத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து எத்தனையோ வருஷமாயிற்று. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அறிக்கை எதுவும் அவள் செய்ய வேண்டியதில்லை என்றும், சபைதான் அவளிடம் செய்ய வேண்டும் என்றும் ஐயர் எழுந்து சொன்னார். அவளுக்குத் தலை நிமிரவில்லை. ஜெயித்தவளுக்கு வரும் சந்தோஷம் வரவில்லை. யாரையும் பார்க்கக் கூச்சமாகவே இருந்தது.

ஆண்கள் எழுந்து முன்னால் போனார்கள். மாஸ்டர் வரிசையின் ஓரத்தில் முழங்காலிட்டார். ஐயர் கிண்ணத்தோடு ஒவ்வொருவரிடமும் குனிந்து, 'உங்களுக்காகச் சிந்தப்பட்ட கிறிஸ்துவின் இரத்தம்' என்று சொல்லிக்கொண்டு வந்தார். மாஸ்டரிடம் வந்து சொன்னார். மாஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார். ஐயர் குனிந்திருந்ததால் உதடு தெரியவில்லை. ஐயர் மறுபடியும் சொன்னார். மாஸ்டர் தவித்துப்போய், "கேக்கலீங்க ஐயா..." என்றார்.

ஐயருக்கும் சத்தமிடக் கூச்சமாக இருந்தது போலும். பாக்கியமணி சலோமியின் முழங்கையைத் தொட்டாள். "போ" என்றாள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி ஆண்கள் வரிசைக்கு எழுந்து போவதை அந்தக் கோயில் அதுவரை பார்த்ததில்லை. சலோமி போனாள். கணவரின் பக்கத்தில் முழங்காலிட்டாள். அவர் காதுக்கு அருகே வாயைக் கொண்டுபோய், கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்க, உரக்கச் சொன்னாள்.

"உங்களுக்காகன்னு சொல்றாருங்க! உங்களுக்காகத்தான்னு!"

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். ஐயர் கிண்ணத்தைத் துடைத்து அடுத்ததாக அவளிடம் நீட்டினார். அங்கேயே, ஆண்கள் வரிசையிலேயே, அவளும் வாங்கிக்கொண்டாள்.